நடைபாதையும் பெயர்ப்பட்டியலும்: தெஹிவளையை முன்வைத்து ஒரு மறுப்புரை

பல்லின மக்கள் கலந்து வாழும் நகரங்கள் குறித்து நம்மிடையே இரு வகையான பேச்சுக்கள் வழங்கி வருகின்றன. ஒன்று மேடைப் பேச்சு. "ஒரே வீதியிற் பன்சாலையும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன, இதுவன்றோ நல்லிணக்கம்!" என்று அது வியக்கும். மற்றையது அறைப் பேச்சு. விளக்கணைத்த பின் விடுதி அறைகளிலே, "அவர்களுக்கு நடுவில் அடங்கி ஒடுங்கிக் கிடப்பதிலும் எம்மவரோடு எம்மூரில் இருந்துவிட்டுப் போகலாம்" என்று அது பெருமூச்சு விடும். முதலாவதைக் கேட்டுக் கைதட்டிய அதே நண்பர்கள் இரண்டாவதைப் பேசக் கேட்டிருக்கிறேன். இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவையே. நகரத்தை நடந்து காணாது, தலைகளை எண்ணிக் காண்பதே அத்தவறு. நான் பிறந்து வளர்ந்த தெஹிவளையைக் கொண்டு இதனை நிறுவ முற்படுகின்றேன்.

கொழும்பு மாநகரின் தெற்கெல்லையை அடுத்துள்ள தெஹிவளை–கல்கிசை 1959ஆம் ஆண்டில் மாநகர சபைத் தகுதி பெற்றது. ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர் பரப்பினுள் பெருந்தொகையான மக்கள் வாழ்கின்றனர். தலைநகருக்கு வேலைக்குச் செல்வோரின் உறைவிடம் என்ற அளவிலேயே இதனைப் பலர் அறிவர். மிருகக்காட்சிச்சாலையைப் பார்க்க வந்துபோனவர்கள் அதனையும் சேர்த்துக்கொள்வர். ஆனால் இந்நகருக்கு ஒரு நடு உண்டு. அந்நடு நடந்து செல்வதற்கு ஏற்றது. கடலோரப் புகையிரத நிலையத்தில் இறங்கி நிலைய வீதி வழியே மேலேறினாற் காலி வீதி. அங்கிருந்து சில நிமிட நடையிற் சந்தி. சந்தியைச் சூழ மரக்கறிச் சந்தை, மீன் கடைகள், துணிக்கடைகள், பாமசிகள், சைவக் கடை, முஸ்லிம் ஹோட்டல், சிங்களப் பேக்கரி, நகை அடைவு பிடிக்கும் கடை. கிழக்கே நடந்தாற் களுபோவிலைப் பெரியாஸ்பத்திரி. இன்னும் சற்றுத் தூரம் நடக்கக் கூடியவர்களுக்குக் கரகம்பிட்டிய விகாரையும் நெடிமாலை விஷ்ணு கோயிலும். மோட்டார் வாகனம் இல்லாத ஒரு குடும்பம் பிறப்பு முதல் இறப்பு வரையான காரியங்கள் அனைத்தையும் இவ்வட்டத்துக்குள் நடந்தே முடித்துக்கொள்ளலாம். என் தாயார் பெரும்பாலும் அவ்வாறே முடித்துக்கொண்டு வருகின்றார்.

மேடைப் பேச்சாளர் இவ்வட்டத்தைக் கண்டதும் கோபுரங்களை எண்ணத் தொடங்குவார். பின்னர் குடிசன மதிப்பீட்டை விரிப்பார். கொழும்பு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி முக்காற் பங்கினர் சிங்களவர். இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியே பத்திலொரு பங்கு அளவினர். இவ்வெண்களுடன் அவரது வாதம் முடிந்துவிடும். எண்ணுவதாற் கலப்பு நிறுவப்படுமாயின், இந்நாட்டிற் கலப்பை மிக நன்றாக அறிந்து வைத்திருந்தவர்கள் 1983 யூலையில் வீதிக்கு இறங்கிய கும்பல்களே எனல் வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி எந்த வீடு எவருடையது எனத் தெரிந்துகொண்டே அவர்கள் வந்தனர் என்பது அக்கலவரம் பற்றி எழுதியோர் பலரும் பதிந்துள்ள செய்தி. தெஹிவளையும் கல்கிசையும் இரத்மலானையும் அன்று எரிந்தன. இரத்மலானை இந்துக் கல்லூரியும் அங்குள்ள விமான நிலையமும் அகதி முகாம்களாயின. கோபுரங்கள் அன்றும் அடுத்தடுத்துத்தான் நின்றன.

பட்டியலின் வரலாறு அத்துடன் முடியவில்லை. போர்க்காலத்திற் கொழும்பிலும் புறநகர்களிலும் வாழ்ந்த தமிழர் பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையுடன் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டே வெளியிற் சென்றனர். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையிற் கொழும்புத் தங்குவிடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியதும், பின்னர் அப்போதைய பிரதமர் வருத்தம் தெரிவித்ததும் உண்மையே. ஆயினும் அறைக் கதவு தட்டப்பட்டபோது கேட்கப்பட்ட வினா ஒன்றுதான்: நீர் எதற்காக இங்கே இருக்கின்றீர்? மொழியுரிமையையும் நம் அரசியலமைப்பு எண்ணியே வழங்குகின்றது. ஒரு பிரதேச செயலகப் பிரிவின் மொத்த மக்களுள் மொழிச் சிறுபான்மையினர் வகிக்கும் விகிதத்தைக் கருத்திற்கொண்டு அங்கு இருமொழி நிர்வாகத்துக்குச் சனாதிபதி பணிக்கலாம் என்பது 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் தந்த ஏற்பாடு. அவ்விகிதம் போதாதெனக் கொள்ளப்பட்டால் அந்த ஏற்பாடு அவர்களைச் சேராது.

என் பெற்றோர் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியினூடாக 1996ஆம் ஆண்டின் முற்பகுதியில் தெஹிவளைக்கு வந்து சேர்ந்தனர். ஓர் ஒழுங்கையில் மேல்மாடி அறையிரண்டு வாடகைக்குக் கிடைத்தது. அவ்வாண்டு யூலை 24ஆம் திகதி மாலை, வேலை முடிந்து திரும்புவோர் நிறைந்திருந்த புகையிரதத்திலே தெஹிவளை நிலையத்திற் குண்டுகள் வெடித்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். விடுதலைப் புலிகளின் செயல் என்று கொள்ளப்பட்ட இத்தாக்குதலில் மாண்டவர்கள் காலையில் நடந்து நிலையத்துக்குச் சென்று மாலையில் நடந்து வீடு திரும்புகின்ற மக்கள், அரசாங்கம் அல்லர். நம்முடைய அறைப் பேச்சுக்களில் அவர்கள் வருவதில்லை. இதனை நம் சங்கத்தின் ஏட்டிலேயே எழுத வேண்டும் என்பதற்காகவே எழுதுகின்றேன்.

அதன்பின் பத்து நாட்கள் என் தாயார் படியிறங்கவில்லை. ஒழுங்கை முனையிற் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளி நாள்தோறும் பையன் ஒருவனிடம் பாண் கொடுத்தனுப்பினார். காசு பிறகு பார்க்கலாம் என்றார். இவ்வளவோடு கதையை நிறுத்திவிட்டால் மேடைப் பேச்சாளருக்கு அது மிகவும் உவப்பாக இருக்கும். ஆனால் அவ்வொழுங்கையில் எந்தெந்த வீடுகளிற் புதிதாக வந்த தமிழர் இருக்கின்றனர் எனப் பொலிஸாருக்குச் சொன்னவரும் அவரே. பல மாதங்களின் பின் தாமாகவே அதனை என் தாயாரிடம் கூறினாராம். "கேட்டார்கள், சொன்னேன். சொல்லாவிட்டால் என்னையும் கேட்பார்கள்." அவருடைய சகோதரியின் மகன் அப்புகையிரதத்திற் காயமுற்றவன். பாண் அனுப்பியவரும் பெயர் கொடுத்தவரும் ஒருவரே. அவர் இறக்கும்வரை என் தாயார் அவரிடமே பாண் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "வேறு கடைக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே" என்றார்.

அந்த விடையை நான் நெடுநாள் விளங்கிக்கொள்ளவில்லை. இன்று எனக்கு அதுவே இவ்விடயத்திற் கேட்ட பேச்சுக்களுள் மிகத் தெளிவானதாகத் தோன்றுகின்றது. கலந்து வாழ்தல் என்பது ஒரு மனநிலையன்று. ஒரே முகத்தை ஒரே வளைவில் ஆயிரம் முறை கண்டு, முதல் நூறு முறை பேசாது, பின்னர் விலை கேட்டு, பின்னர் மழையைப் பற்றி இரண்டு சொற் பேசி, இறுதியில் ஒருவர் மற்றவர் செய்த தீங்கையும் அறிந்துகொண்டு தொடர்கின்ற நெடுங்காலப் பழக்கம் அது. என் தாயாரின் சிங்களம் மரக்கறிச் சிங்களம், இலக்கணம் அற்றது, ஆனால் அதிலே கோபிக்கவும் முடியும். சந்தையிற் கீரை விற்கும் சிங்களப் பெண்மணியின் தமிழ், எண்களும் "நல்லது, பாருங்கோ" என்பதும் மட்டுமே. இவ்விரண்டையும் எந்த மொழித் திணைக்களமும் கற்பிக்கவில்லை. இவை நடையினால் உண்டானவை. வாகனத்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்பவருக்கு இப்பழக்கத்துக்கு வாய்ப்பேயில்லை. அவர் எவ்வினத்தவராயினும் சரி, எத்தனை நல்லிணக்கக் கூட்டங்களுக்குச் செல்பவராயினும் சரி.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கை எங்கணும் நடமாடுவதற்கும் விரும்பிய இடத்தில் வதிவதற்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் உறுதிசெய்கின்றது. நடமாட்டமும் வதிவிடமும் ஒரே வாசகத்துள் வைக்கப்பட்டமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் தெஹிவளையில் வாழ்பவருக்கு அவை ஒன்றேயாம். மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தன் உடையோடும் தன் மொழியோடும் நிலையத்திலிருந்து வீடுவரை அச்சமின்றி நடக்கக் கூடுமா என்பதே அந்நகரின் பல்லினத் தன்மையை அளக்கும் கோல். இக்கோலைக் கொண்டு அளப்பின் தெஹிவளை சில ஆண்டுகளிற் சிறந்தும் சில ஆண்டுகளிற் படுதோல்வியுற்றும் இருந்துள்ளது.

இனி, நடையை இல்லாதொழிக்கும் காரியம் ஆரவாரமின்றி எவ்வாறு நடைபெற்று வருகின்றது என்பதை நோக்குவோம். கொழும்பைப் பூங்கா நகராகக் கனவு கண்ட பற்றிக் கெடிஸ் 1921ஆம் ஆண்டிலும், இரத்மலானை, ஹோமாகமை, ராகமை ஆகியவற்றைத் துணைநகர்களாக வளர்க்கக் கூறிய அபகுரொம்பி 1948ஆம் ஆண்டிலும் திட்டங்கள் வரைந்தனர். வெளிநாட்டறிஞர் வரைந்த அத்திட்டங்களிற் குறைகள் பல உண்டு. ஆயினும் மக்கள் வேலைத்தலத்துக்கு அருகே வாழ வேண்டும் என்ற எண்ணமாவது அவற்றில் இருந்தது. பின்னர் வந்தவர்களுக்கு வாகனங்கள் தங்குதடையின்றிச் செல்ல வேண்டும் என்பதே நகரத் திட்டமாயிற்று. 2009ஆம் ஆண்டளவில் தெஹிவளைச் சந்திக்கு மேலே இரும்பு மேம்பாலம் எழுந்தது. வாகனங்களுக்கு வானத்தில் வழி கிடைத்தது. கீழே கடவையில் நிற்கும் கிழவிக்கு முன்பு போலவே கையை நீட்டி நீட்டிக் கெஞ்சும் வழிதான்.

மேம்பாலத்தினும் கொடியது தொடர்மாடி. மாடி வீடுகளைத் தனித்தனியே உறுதி எழுதி விற்க 1973ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. வீடற்ற நடுத்தர வர்க்கத்தினருக்கு அது ஒரு வாய்ப்பாயிற்று என்பதை மறுக்கவில்லை. 1983க்குப் பின் தனிவீட்டில் வாழ அஞ்சிய தமிழர், பல குடும்பங்கள் ஒரு வாயிலுக்குள் வாழும் இம்மாடிகளை நாடியதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. நான் எதிர்ப்பது உயரத்தையன்று, தரைத்தளத்தை. பழைய காலி வீதிக் கட்டடத்திற் கீழே கடை, மேலே வீடு. புதிய கட்டடத்திற் கீழே வாகனத் தரிப்பிடம், இரும்புக் கதவு, காவலாளி. பத்துக் கடைகள் இருந்த இடத்தில் ஒரு நீண்ட மதில். அம்மதிலின் முன்னே எவரும் நிற்பதில்லை. எவரும் நில்லாத இடத்தில் இருட்டிய பின் எந்தப் பெண்ணும் நடப்பதில்லை. வாகனம் இறங்குவதற்கென நடைபாதை வெட்டப்பட்டுச் சரிவாக்கப்படுகின்றது; அவ்விடத்தில் முதியவர்கள் வீதியில் இறங்கியே நடக்க வேண்டும். வீதியை நோக்கிய கடைக்காரரின் கண்களே நகரின் முதற் காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நகரங்களைப் பற்றிய நூலில் வாதிட்டார். அமெரிக்கரின் நூலைக் காட்டித்தான் இதை மெய்ப்பிக்க வேண்டும் என்றில்லை. எங்கள் ஒழுங்கைப் பேக்கரி மூடப்பட்ட ஆண்டிலிருந்து என் தந்தையார் நிலையத்துக்கு என்னை அழைத்துவர வருகின்றார். அதுவே போதிய சான்று.

நடைபாதை வியாபாரிகளே இடையூறு, அவர்களை அகற்றினாற் போதும் என்பாரும் உளர். வியாபாரிகளாற் பாதை குறுகுகின்றது என்பது மெய். என் தாயாரே அவர்களைத் திட்டிக்கொண்டுதான் நடப்பார். திட்டியபடியே அவர்களிடம் தேசிக்காயும் வாங்குவார். அவர்களுக்கு இடம் வரையறுத்துக் கொடுக்க முடியும். நடைபாதைமீது அரை நாள் நிறுத்திவைக்கப்படும் வாகனத்தைத் தொடாத அதிகாரம், தரையில் விரித்த சாக்கை மட்டும் சுருட்டிச் செல்வதன் வர்க்கச் சார்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அறைப் பேச்சு நண்பர்களிடம் இப்போது வருகின்றேன். எம்மவரோடு எம்மவர் வாழ்வது பாதுகாப்பு என்பது உங்கள் வாதம். 1983ஐக் கண்ட ஒரு சமூகத்தின் அச்சத்தை எள்ளி நகையாடும் உரிமை எனக்கில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புக்களின் பின், அவற்றுள் ஒன்று தெஹிவளையிலே மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலுள்ள சிறு விடுதியில் நிகழ்ந்த பின், நம்மவர் நடந்துகொண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாதம் 29ஆம் திகதி முகத்தை மூடும் ஆடை அவசரகால விதியாற் தடைசெய்யப்பட்டது. முகம் மூடாது தலையை மட்டும் மூடியவர்களும் கடைகளிலும் பஸ்களிலும் உற்றுப் பார்க்கப்பட்டனர். எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த முஸ்லிம் ஆசிரியை, 1996இல் என் தாயார் படியிறங்காதிருந்தது போலவே, பல நாட்கள் வெளியே வரவில்லை. அவருக்குப் பாண் கொடுத்தனுப்பியவர் எவர்? நாமல்லர். "இம்முறை எங்களையல்ல" என்ற ஆறுதல் நம் வீடுகளில் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது. தனித்து வாழும் சமூகம் தனக்குப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. தன் முறை வரும்வரை தவணையையே பெறுகின்றது.

எம்மவர் என்ற அச்சொல்லுக்குள்ளே எவரெவர் அடங்குவர் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. ஹற்றனைச் சேர்ந்த என் சகமாணவி ஒருத்தி சென்ற விடுமுறையிற் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வர நேர்ந்தது. நடந்து சென்று புகையிரதம் ஏறக்கூடிய தூரத்தில் ஓர் அறை வேண்டி, என்னையும் அழைத்துக்கொண்டு தமிழர் வீடு ஒன்றுக்குச் சென்றாள். வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையுடன் தேநீர் தந்தார். "பிள்ளை ஊரிலை எவ்விடம்?" என்று கேட்டார். மலையகம் என்றதும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அறிவிக்கிறன், தங்கச்சி" என்றார். அறிவிக்கவில்லை. 'எவ்விடம்' என்ற வினா யாழ்ப்பாணத்தவரிடையே இடத்தைப் பற்றிய வினாவன்று என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சாதியை அறிய அதைவிட நயமான சொல்லை நம் மொழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவள் ஈற்றிற் சிங்களப் பெண்மணி ஒருவரின் வீட்டில், நிலையத்திலிருந்து நாற்பது நிமிட நடையில், அறை பெற்றாள். அப்பெண்மணி கேட்டது முற்பணம் எவ்வளவு தருவாய் என்பது மட்டுமே.

தெஹிவளைச் சைவக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர் எங்கே உறங்குகின்றனர் என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? கடைக்கு மேலே, ஓர் அறையிற் பலராக. அவர்களுக்கு நடந்து செல்லும் தூரத்தில் வாழ்வது உல்லாசமன்று. பஸ் கட்டணம் மிச்சமாகும் ஊதியக் கணக்கு. கடை இடிக்கப்பட்டு மாடி எழும்போது தொழில், படுக்கை இரண்டையும் ஒரே நாளில் இழப்பவர்கள் அவர்கள். தமிழ் முதலாளி அவர்களை இழக்கின்றான் என்றும் சொல்வதற்கில்லை. காணி விற்ற காசு அவன் கையில் இருக்கின்றது.

ஆதலின் நல்லிணக்க வாரங்களும் மும்மொழிப் பதாகைகளும் எமக்கு வேண்டியவையல்ல. காலி வீதியை நோக்கிய எந்தக் கட்டடமும் தரைத்தளத்திற் கடைகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்று மாநகர சபை விதிக்கட்டும். வாகனச் சரிவுக்காக நடைபாதை தாழ்த்தப்படுவது நிறுத்தப்படட்டும். சபையின் கருமபீடத்தில் விகிதத்தைக் கணக்கிடாது தமிழில் விடையளிக்க ஒருவர் அமர்த்தப்படட்டும். வீட்டுக்காரர்களாகிய நம்மவர், அறை கேட்டு வருபவரிடம் முற்பணத்தை மட்டும் கேட்கட்டும்.

இக்கட்டுரையின் கையெழுத்துப்படியை ஹற்றன் தோழியிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு அவள் ஒரு வினா மட்டுமே கேட்டாள். என் பெற்றோர் இப்போது அதே ஒழுங்கையிற் சொந்த வீடு வைத்திருக்கின்றனர்; மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்திருக்கின்றனர். "யாருக்கு?" என்றாள். எங்கள் ஊரவர் ஒருவருக்கு. ஒப்பந்தம் அடுத்த மாசியில் முடிகின்றது. தந்தையாருடன் இதைப் பேசும் பொறுப்பு என்னுடையது.